இருபது லட்சம் வாக்குகள், ஒரே ஒரு நாற்காலி: பிரேசிலின் மாநிலப் பேரவையைப் புரிந்துகொள்ள ஒரு சட்டப் பேராசிரியையின் கதை

2018 அக்டோபர் 7ஆம் தேதி பிரேசிலில் பொதுத்தேர்தல். அன்றிரவு சாவோ பாவுலோ மாநிலத்தில் எண்ணி முடித்தபோது, மாநிலப் பேரவைக்கு நின்ற ஒரு பெண்ணின் பெயருக்கு நேரே 20,60,786 வாக்குகள் இருந்தன. மாநிலப் பேரவைக்கோ தேசிய நாடாளுமன்றத்தின் கீழவைக்கோ நின்ற எவரும் பிரேசில் வரலாற்றில் அதுவரை இத்தனை வாக்கு வாங்கியதில்லை. அதே நாளில், அந்த ஆண்டு குடியரசுத் தலைவராகத் தேர்வான ஜைர் போல்சொனாரோவின் மகன் எட்வர்டோ, அதே மாநிலத்திலிருந்து கீழவைக்கு நின்று 18,43,735 வாக்குகள் வாங்கினார். அவரையும் தாண்டிய எண் இது.

அந்தப் பெண்ணின் பெயர் ஜனாயினா பாஸ்கோவால். குற்றவியல் வழக்கறிஞர், சாவோ பாவுலோ பல்கலைக்கழகத்தில் சட்டப் பேராசிரியை. அதற்கு முன் எந்தத் தேர்தலிலும் ஜெயித்துப் பதவி வகித்தவர் அல்ல.

ஐந்து மாதம் கழித்து, 2019 மார்ச்சில், பேரவையில் அவைத் தலைவர் தேர்தல் நடந்தது. ஜனாயினா போட்டியிட்டார். 94 பேர் கொண்ட அவையில் அவருக்குக் கிடைத்தது 16 வாக்கு. எதிர்த்து நின்ற காவே மாக்ரிஸுக்கு 70.

வெளியே இருபது லட்சம், உள்ளே பதினாறு. பிரேசிலின் மாநில அரசியல் எப்படி இயங்குகிறது என்று புதிதாகப் படிக்க வருபவருக்கு இந்த இரண்டு எண்களை விட நல்ல நுழைவாயில் எனக்குத் தெரியாது. இவற்றுக்கு நடுவே என்ன இருக்கிறது என்று பார்ப்போம். அவருடைய அரசியல் நிலைப்பாடுகளைப் பாராட்டவோ கண்டிக்கவோ இதை எழுதவில்லை. அவர் நடந்த பாதையைப் பிடித்துக்கொண்டு போனால் அந்த நாட்டின் அமைப்பு தெளிவாகத் தெரிகிறது, அதற்காகத்தான்.

வகுப்பறையிலிருந்து

சாவோ பாவுலோ நகரின் நடுவே லார்கோ சாவோ பிரான்சிஸ்கோ என்றொரு சதுக்கம். அங்கே இருக்கும் சட்டக் கல்லூரி 1827 ஆகஸ்ட் 11ஆம் தேதி பிறந்தது. போர்ச்சுகலிடமிருந்து விடுதலை பெற்று ஐந்தே ஆண்டுகள் ஆகியிருந்த பிரேசில், தன் அரசை நடத்த ஆள் வேண்டும் என்று ஒரே நாளில் இரண்டு சட்டக் கல்லூரிகளை அறிவித்தது. ஒன்று இங்கே, மற்றொன்று வடகிழக்கில் ஒலிண்டா நகரில். அன்று தொடங்கி, நாட்டை ஆள்வது சட்டம் படித்தவர்களின் வேலை என்ற எண்ணம் அந்தச் சமூகத்தில் ஆழமாக வேர்விட்டது. இந்தப் பழக்கத்துக்கு அவர்கள் மொழியில் தனிச் சொல்லே உண்டு: பஷரெலிஸ்மோ. சட்டப் பட்டதாரிகளின் ஆதிக்கம் என்று பொருள். பல குடியரசுத் தலைவர்கள் அந்தச் சதுக்கத்துக் கல்லூரியிலிருந்து வந்தவர்கள். 2016இல் பதவிக்கு வந்த மிஷேல் தெமேரும் அங்கே படித்தவர்தான். அவர் அரசியலமைப்புச் சட்டம் கற்பித்த பேராசிரியரும்கூட.

1974இல் பிறந்த ஜனாயினா படித்ததும் அங்கேதான். அங்கேயே முனைவர் பட்டம் வாங்கி, அங்கேயே குற்றவியல் சட்டம் கற்பிக்கத் தொடங்கினார். பக்கத்திலேயே வழக்கறிஞர் தொழிலும் நடந்தது. பிரேசிலில் இப்படி இரண்டு வண்டி ஓட்டுவது சகஜம். சட்டப் பேராசிரியர் வழக்காடுவார், நூல் எழுதுவார். யாராவது கேட்டால் ஒரு சிக்கலைப் பற்றிக் கட்டணத்துக்குச் சட்டக் கருத்துரையும் எழுதித் தருவார். அந்தக் கருத்துரைக்கு ‘பரேசெர்’ என்று பெயர். இது நினைவில் இருக்கட்டும், சற்று நேரத்தில் வரும்.

ஒரு குடிமகன் குடியரசுத் தலைவர் மேல் புகார் கொடுக்கலாம்

பிரேசிலில் 1950ஆம் ஆண்டின் 1079ஆம் எண் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. குடியரசுத் தலைவர் செய்யக்கூடிய ‘பொறுப்புக் குற்றங்கள்’ எவை, அவரை எப்படி விசாரித்து நீக்குவது என்பதை அது சொல்கிறது. அதில் நமக்கு முக்கியமானது ஒரு வரி. எந்தக் குடிமகனும் கீழவையிடம் புகார் மனு கொடுக்கலாம். கட்சித் தலைவராகவோ நாடாளுமன்ற உறுப்பினராகவோ இருக்க வேண்டியதில்லை.

2015இல் மூன்று சட்டக்காரர்கள் அந்த வரியைப் பயன்படுத்தினார்கள். முதலாமவர் எலியோ பிகூடோ. இராணுவ ஆட்சிக் காலத்தில், போலீஸ்காரர்களே நடத்திவந்த கொலைக்கும்பலை எதிர்த்து வழக்கு நடத்திய அரசு வழக்கறிஞர்; அப்புறம் தொழிலாளர் கட்சியை உருவாக்கியவர்களில் ஒருவர். இப்போது அதே கட்சியின் குடியரசுத் தலைவரை எதிர்த்துக் கையெழுத்திட்டார். இரண்டாமவர் முன்னாள் நீதித்துறை அமைச்சர் மிகேல் ரியாலி ஜூனியர். அவர் ஜனாயினாவின் ஆசிரியர். மூன்றாவது கையெழுத்து ஜனாயினாவுடையது.

குடியரசுத் தலைவர் தில்மா ரூசெஃப் மேல் அவர்கள் வைத்த குற்றச்சாட்டு லஞ்சம் அல்ல, பட்ஜெட் பற்றியது. அரசுத் திட்டங்களுக்கான பணத்தை அரசு வங்கிகள் தங்கள் கையிலிருந்து கொடுத்துவந்தன. அரசு அதை வங்கிகளுக்குத் திருப்பித் தராமல் இழுத்தடித்தது. கணக்கேட்டில் நிலைமை உள்ளதைவிட நன்றாகத் தெரியும் அல்லவா? வங்கியிடம் வாங்கிய கடன் போலத்தான் இது என்பது புகார் கொடுத்தவர்களின் வாதம். இந்த வித்தைக்குப் பத்திரிகைகள் வைத்த பெயர் ‘பெடலாடா’, மிதிவண்டியின் மிதியைச் சுற்றுவது. கூடவே, நாடாளுமன்ற ஒப்புதல் இல்லாமல் கூடுதல் செலவுக்கு ஆணைகள் பிறப்பித்தார் என்பது இன்னொரு குற்றச்சாட்டு. முன்பிருந்த தலைவர்களும் இப்படிச் செய்திருக்கிறார்கள், இது பதவி நீக்கத்துக்குரிய குற்றமே அல்ல என்பது தில்மா தரப்பின் வாதம். அவர்கள் இதைச் சதி என்றே அழைத்தார்கள், இன்றும் அப்படித்தான் அழைக்கிறார்கள். இந்த வழக்கு பிரேசிலை எவ்வளவு பிளந்தது என்பதை மறைத்துவிட்டு ஜனாயினாவைப் பற்றிப் பேசுவது நேர்மையாக இருக்காது.

கருத்துரை என்று சொன்னேனே, அது இங்கேதான் வருகிறது. எதிர்க்கட்சியான பி.எஸ்.டி.பி., இந்தப் பொருள் குறித்து ஒரு சட்டக் கருத்துரை எழுத ஜனாயினாவுக்கு 45,000 ரெயால் கொடுத்திருந்தது. தொழில்முறையில் இது வழக்கமானது என்றார் அவர். கட்சி சார்பில்லாத குடிமகளின் புகார் என்பதற்கு இது பொருந்துமா என்று கேட்டார்கள் எதிர்ப்பாளர்கள். வழக்கறிஞரும் குடிமகளும் ஒரே ஆளாக இருக்கும்போது எழுகிற நியாயமான கேள்வி என்றே நான் நினைக்கிறேன்.

அப்புறம் நடந்தவை வேகமானவை. 2015 டிசம்பர் 2ஆம் தேதி கீழவைத் தலைவர் எட்வர்டோ குன்யா மனுவை ஏற்றார். 2016 ஏப்ரல் 17ஆம் தேதி கீழவையில் 513 பேரில் 367 பேர் ஆதரித்தார்கள், தேவைப்பட்டது 342. ஆகஸ்ட் 31ஆம் தேதி மேலவையான செனட்டில் 61க்கு 20 என்ற கணக்கில் தில்மா பதவி இழந்தார். ஆனால் அவர் மீண்டும் பதவிக்குப் போட்டியிடத் தடை வேண்டுமா என்று தனியாக வாக்கெடுத்தபோது 42 பேர்தான் தடையை ஆதரித்தார்கள். 54 தேவை. அதனால் தடை இல்லை.

இந்த மாதங்களில்தான் பேராசிரியை நாடறிந்த முகமானார். ஏப்ரல் தொடக்கத்தில், தான் கற்பித்த அதே சதுக்கத்தில், தேசியக் கொடியைத் தலைக்கு மேல் சுழற்றிக்கொண்டு அவர் பேசிய வீடியோ நாடு முழுக்கப் பரவியது. ஆதரித்தவர்கள் மெய்சிலிர்த்தார்கள், எதிர்த்தவர்கள் கேலி செய்தார்கள். இறுதி விசாரணையில் செனட்டில் வாதத்தை முடிக்கும்போது அவர் கண்கலங்கினார். தில்மாவுக்கு ஏற்பட்ட வேதனைக்காக மன்னிப்புக் கேட்டார். தில்மாவின் பேரப்பிள்ளைகளையும் மனதில் வைத்தே இதைச் செய்ததாகச் சொன்னார். நீதிமன்ற வழக்கத்தில் ஊறிய ஒருவர் இப்படிப் பேசியது பலருக்கு வியப்பாக இருந்தது. அந்தக் கண்ணீரைத் தில்மாவின் ஆதரவாளர்கள் நம்பவில்லை.

துணைத் தலைவர் வேண்டாம், மாநிலப் பேரவை போதும்

2018 தேர்தல் வந்தது. ஜைர் போல்சொனாரோ பி.எஸ்.எல். என்ற சிறிய கட்சியின் சார்பில் குடியரசுத் தலைவர் பதவிக்கு நின்றார். தன்னோடு துணைத் தலைவராக நிற்க ஜனாயினாவை அழைத்தார். ஜூலை 22ஆம் தேதி கட்சி மாநாட்டு மேடையில் ஏறிய ஜனாயினா, கூடியிருந்தவர்கள் எதிர்பார்த்ததைப் பேசவில்லை. எல்லோரும் ஒரே மாதிரி சிந்திக்க வேண்டும் என்று நினைத்தால் தொழிலாளர் கட்சியின் தலைகீழ் வடிவமாகத்தான் ஆவோம் என்று அங்கேயே எச்சரித்தார். அடுத்த மாதத் தொடக்கத்தில், குடும்பக் காரணங்களைச் சொல்லி அழைப்பை மறுத்துவிட்டார். அந்த இடத்துக்கு ஓய்வுபெற்ற ஜெனரல் அமில்டன் மொராவ் வந்து துணைக் குடியரசுத் தலைவரும் ஆனார்.

ஜனாயினா தேர்ந்தெடுத்தது மாநிலப் பேரவையை. தலைநகர் பிரசிலியாவுக்குக் குடிபெயர வேண்டாம், சொந்த ஊரிலேயே இருக்கலாம்.

சரி, இந்த மாநிலப் பேரவை எப்படிப்பட்டது? பிரேசிலில் 26 மாநிலங்களும் ஒரு கூட்டாட்சி மாவட்டமும் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் ஒரே அவை, மேலவை கிடையாது. எத்தனை பேர் என்பதை அரசியலமைப்பின் 27ஆம் பிரிவு ஒரு சூத்திரமாகவே எழுதி வைத்திருக்கிறது. மாநிலத்துக்குக் கீழவையில் எத்தனை இடமோ அதன் மூன்று மடங்கு. அப்படி 36 ஐ எட்டியதும், 12க்கு மேல் உள்ள ஒவ்வொரு கீழவை இடத்துக்கும் ஒன்று மட்டும் கூடும். சாவோ பாவுலோவுக்குக் கீழவையில் 70 இடம். 70இல் 12 போனால் 58. 36உடன் 58 சேர்த்தால் 94. அதனால்தான் அந்தப் பேரவையில் 94 நாற்காலி. உறுப்பினரின் சம்பளமும் இப்படித்தான்: கீழவை உறுப்பினரின் சம்பளத்தில் 75 சதவீதத்தைத் தாண்டக் கூடாது.

வாக்கு முதலில் கட்சிக்கு, அப்புறம்தான் ஆளுக்கு

இங்கேதான் புதியவர்கள் தடுமாறுவார்கள். கொஞ்சம் நிதானமாகவே போவோம்.

பிரேசிலின் பேரவைத் தேர்தலில் தொகுதி என்பதே இல்லை. மாநிலம் முழுவதும் ஒரே தொகுதி. சாவோ பாவுலோவின் எந்த மூலையில் இருப்பவரும் எந்த வேட்பாளருக்கும் வாக்களிக்கலாம். வாக்குப்பதிவு இயந்திரத்தில் தொலைபேசியில் இருப்பது போன்ற எண் பொத்தான்கள். மாநிலப் பேரவை வேட்பாளருக்கு ஐந்து இலக்க எண். முதல் இரண்டு இலக்கம் கட்சியின் எண். மீதி மூன்றும் ஆளைக் குறிப்பவை. யாரையும் குறிப்பாகத் தேர்ந்தெடுக்க விருப்பமில்லை என்றால் கட்சியின் இரண்டு இலக்கத்தை மட்டும் அழுத்தி உறுதி செய்யலாம். அதுவும் செல்லுபடியாகும் வாக்கு.

இந்த எண் அமைப்பிலேயே முழுத் தத்துவமும் அடங்கியிருக்கிறது. நீங்கள் ஒருவருக்குப் போடும் வாக்கு முதலில் அவர் கட்சியின் குவியலில் விழுகிறது. கட்சிக்கு எத்தனை இடம் என்பதை அந்தக் குவியல் தீர்மானிக்கும். அந்த இடங்களில் யார் உட்காருவது என்பதைக் கட்சிக்குள் தனித்தனியாக வாங்கிய வாக்கு தீர்மானிக்கும்.

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். பேரவையில் 10 இடம், செல்லும் வாக்கு 1000 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆயிரத்தைப் பத்தால் வகுத்தால் 100. இந்த நூறுதான் ‘தேர்தல் ஈவு’. ஒரு கட்சியின் குவியலில் எத்தனை முழு நூறு இருக்கிறதோ அத்தனை இடம்.

முதல் கட்சிக்கு மொத்தம் 420 வாக்கு. நான்கு இடம். அந்தக் கட்சியில் ஒருவர் மட்டும் 300 வாங்கியிருக்கிறார். மற்றவர்கள் 50, 35, 20, 9, 6. மேலிருந்து நான்கு பேரை எடுத்தால், 300 வாங்கியவரோடு 50, 35, 20 வாங்கியவர்களும் உள்ளே. இரண்டாவது கட்சிக்கு 350. மூன்று இடம். மூன்றாவது கட்சிக்கு 230. இரண்டு இடம். அந்தக் கட்சியில் மூன்று பேர் 85, 75, 70 என்று வாங்கியிருக்கிறார்கள். எழுபது வாங்கியவர் வெளியே. முதல் கட்சியில் இருபது வாங்கியவரோ உள்ளே!

ஒன்பது இடம் ஆயிற்று, ஒன்று மிச்சம். அதற்கு, ஒவ்வொரு கட்சியின் வாக்கையும் அது பெற்ற இடத்தோடு ஒன்றைக் கூட்டி வகுப்பார்கள். 420ஐ ஐந்தால் வகுத்தால் 84. 350ஐ நான்கால் வகுத்தால் 87.5. 230ஐ மூன்றால் வகுத்தால் 76.7. பெரிய எண் இரண்டாவது கட்சிக்கு, ஆகவே மிச்ச இடமும் அதற்கே.

300 வாங்கிய அந்த ஆளுக்குப் பிரேசிலில் பெயர் உண்டு: ‘வாக்கு இழுப்பவர்’. தான் ஜெயிக்கத் தேவையானதற்கு மேல் வாங்கியதெல்லாம் தன் கட்சிக்காரர்களை உள்ளே இழுத்துப்போடும். 2002இல் எனேயாஸ் கார்னெய்ரோ என்ற இதயநோய் மருத்துவர் சாவோ பாவுலோவிலிருந்து கீழவைக்கு நின்று 15,73,642 வாக்குகள் வாங்கினார். அவருடைய சிறிய கட்சியிலிருந்து இன்னும் ஐந்து பேர் அந்த வாக்குகளின் தோளில் ஏறி நாடாளுமன்றத்துக்குள் போனார்கள். அவர்களில் ஒருவர் தன் பெயரில் வாங்கியது வெறும் 275 வாக்கு. 2010இல் திரிரிகா என்ற கோமாளிக் கலைஞர் 13 லட்சத்துக்கு மேல் வாங்கியபோதும் இதே பேச்சு எழுந்தது.

அதனால்தான் 2015இல் சட்டத்தில் ஒரு தடுப்பு வைத்தார்கள். தேர்தல் ஈவில் குறைந்தது 10 சதவீதமாவது தன் பெயரில் வாங்காதவர் இப்படி உள்ளே வர முடியாது. நம் கணக்கில் ஈவு 100 என்பதால் குறைந்தபட்சம் 10. முதல் கட்சியில் நான்காவது ஆள் 20க்குப் பதில் 9 வாங்கியிருந்தால் அந்த நாற்காலி அந்தக் கட்சியின் கையை விட்டுப் போயிருக்கும். நல்ல திருத்தம். யாரென்றே வாக்காளருக்குத் தெரியாத ஒருவர் சட்டம் இயற்ற உட்காருவதை இது கொஞ்சமாவது குறைக்கிறது.

இப்போது 2018க்குத் திரும்புவோம். ஜனாயினா வாங்கியது, பேரவைக்கு விழுந்த செல்லும் வாக்குகளில் ஏறத்தாழ 10 சதவீதம். மொத்த இடம் 94. எனவே தேர்தல் ஈவு சுமார் 2.2 லட்சம். இருபது லட்சத்துச் சொச்சத்தை அதால் வகுத்துப் பாருங்கள். ஒன்பதுக்கும் மேல் வரும். அவர் ஒருவரின் வாக்கே ஒன்பது நாற்காலிக்குப் போதுமானது. பி.எஸ்.எல். அந்தப் பேரவையில் மொத்தம் 15 இடம் பிடித்தது. போல்சொனாரோவின் அலையும் இருந்தது. அவருடைய எண் 17, கட்சியின் எண்ணும் 17. குடியரசுத் தலைவருக்காக 17ஐ மனப்பாடம் செய்துகொண்டு வந்தவர் பேரவைக்கும் அதையே அழுத்துவது எளிது. தேசிய அளவில் 2014இல் ஒரே ஒரு கீழவை உறுப்பினரைத் தேர்ந்தெடுத்த கட்சி 2018இல் 52 பேரைத் தேர்ந்தெடுத்தது.

ஆக, இருபது லட்சம் வாக்கு பல நாற்காலிகளை உருவாக்கியது. அவற்றில் ஜனாயினாவுக்கு ஒன்று. அவையில் அவருக்கு ஒரு வாக்கு. அவர் தோளில் ஏறி வந்தவருக்கும் ஒரு வாக்கு. அவைத் தலைவர் தேர்தலில் 16 விழுந்த கதை இப்போது புரியும். தன் கட்சியின் 15 பேரைத் தாண்டி ஒரே ஒரு வாக்குக்குச் சமமான ஆதரவுதான் அவருக்குச் சேர்ந்தது. பல ஆண்டுகளாக அந்த மாநிலத்தை ஆண்டுவந்த பி.எஸ்.டி.பி.யின் காவே மாக்ரிஸ், எதிர்முகாமில் இருந்த தொழிலாளர் கட்சி உட்படப் பல கட்சிகளோடு பேசி, அவை நிர்வாகப் பதவிகளைப் பகிர்ந்து 70 பேரைத் திரட்டியிருந்தார். இப்படிப் பேசி உடன்பாடு காண்பது பேரவைக்குள் தனிக் கலை. மக்கள் நடுவே புகழ் இருப்பவருக்கு அது தானாக வந்துவிடுவதில்லை.

குற்றவியல் பேராசிரியையால் குற்றவியல் சட்டத்தைத் தொட முடியாது

இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான், ஏனென்றால் பிரேசிலின் கூட்டாட்சி இங்கேதான் தன் உருவத்தைக் காட்டுகிறது.

அரசியலமைப்பின் 22ஆம் பிரிவைத் திறந்தால் முதல் வரியிலேயே ஒரு பட்டியல். குடிமையியல் சட்டம், வணிகச் சட்டம், குற்றவியல் சட்டம், நடைமுறைச் சட்டம், தேர்தல் சட்டம், தொழிலாளர் சட்டம்... இவையெல்லாம் மத்திய அரசுக்கு மட்டும். மாநிலப் பேரவை இவற்றில் கை வைக்க முடியாது. வாழ்நாள் முழுவதும் குற்றவியல் சட்டம் படித்து, கற்பித்து, அதன் பலத்தில் ஒரு குடியரசுத் தலைவரையே பதவியிறக்க வாதாடிய ஒருவர், மாநிலப் பேரவையில் உட்கார்ந்துகொண்டு தண்டனைச் சட்டத்தில் ஒரு காற்புள்ளியைக்கூட மாற்ற முடியாது.

அப்படியானால் பேரவைக்கு என்ன வேலை? மாநில பட்ஜெட்டை நிறைவேற்றுவது, ஆளுநரைக் கண்காணிப்பது, விசாரணைக் குழுக்கள் அமைப்பது, சுகாதாரம், கல்வி, சுற்றுச்சூழல் போன்ற பகிர்வு அதிகாரங்களில் மாநில அளவில் சட்டம் இயற்றுவது. இங்கே ஒன்று கவனிக்க வேண்டும். பிரேசிலில் ஆளுநர் என்பவர் மத்திய அரசால் நியமிக்கப்படுபவர் அல்லர். மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் மாநில ஆட்சித் தலைவர். போலீஸ் அவர் கையில். நிர்வாக அமைப்பை மாற்றும் மசோதாக்களை அவர் மட்டுமே கொண்டுவர முடியும். பேரவை உறுப்பினரின் பேனா எட்டும் தூரம் குறைவு.

பட்ஜெட் சின்ன விஷயமில்லை என்பதற்கு ஒரு உதாரணம் ஜனாயினாவின் சொந்த வாழ்க்கையிலேயே இருக்கிறது. சாவோ பாவுலோ பல்கலைக்கழகம் மாநிலப் பல்கலைக்கழகம். மாநிலத்தின் முக்கிய விற்பனை வரி வருவாயில் மாநிலத்தின் பங்கிலிருந்து 9.57 சதவீதம் அங்குள்ள மூன்று மாநிலப் பல்கலைக்கழகங்களுக்குப் போகிறது. அவர் கற்பித்த வகுப்பறையின் விளக்குக்குப் பணம் ஒதுக்குவது அவர் உட்கார்ந்த பேரவைதான்.

அந்தக் குறுகிய எல்லைக்குள் அவர் கொண்டுவந்த சட்டங்களில் அதிகம் பேசப்பட்டது பிரசவம் பற்றியது. பிரேசிலில் பிரசவங்களில் பாதிக்கு மேல் அறுவை சிகிச்சை மூலம் நடக்கின்றன. தனியார் மருத்துவமனைகளில் அந்த விகிதம் மிக அதிகம், அரசுப் பொது சுகாதார அமைப்பில் குறைவு. ஜனாயினா கேட்டது இதுதான்: வசதியான பெண் சிசேரியன் வேண்டும் என்று முடிவெடுக்கலாம், அரசு மருத்துவமனைக்கு வரும் ஏழைப் பெண் மட்டும் ஏன் கேட்க முடியாது? 39ஆவது வாரத்துக்குப் பிறகு தாய் விரும்பினால் அரசு மருத்துவமனை சிசேரியன் செய்ய வேண்டும். சுகப்பிரசவத்தைத் தேர்ந்தெடுத்தால் வலி குறைக்கும் மருந்து கேட்கவும் உரிமை உண்டு. பேரவை ஏற்றது; 2019 ஆகஸ்டில் ஆளுநர் ஜுவாவ் டோரியா கையெழுத்திட, அது மாநிலச் சட்டம் ஆனது. ஏற்கெனவே அளவுக்கு மீறி சிசேரியன் நடக்கும் நாட்டில் இது நிலைமையை இன்னும் மோசமாக்கும் என்று மகப்பேறு நலத்துக்காகப் போராடுபவர்கள் எதிர்த்தார்கள். விவகாரம் நீதிமன்றத்துக்குப் போனது. மறு ஆண்டே மாநில உயர் நீதிமன்றம் அந்தச் சட்டம் அரசியலமைப்புக்கு முரணானது என்று தீர்த்தது.

பெண்கள் கையில் முடிவு இருக்க வேண்டும் என்ற பகுதியோடு எனக்கு முழு உடன்பாடு. வலி மருந்துக்கான உரிமை அதைவிட முக்கியமானது என்று நினைக்கிறேன். அது எதிர்ப்புச் சத்தத்தில் கவனிக்கப்படாமலே போனது வருத்தம்தான்.

கட்சியும் ஆளும்

2020 மார்ச் 15ஆம் தேதி, கொரோனா பரவத் தொடங்கியிருந்த நேரத்தில், போல்சொனாரோ பிரசிலியாவில் ஆதரவாளர் கூட்டத்தில் போய்க் கைகுலுக்கினார். மறுநாள் ஜனாயினா பேரவையில் எழுந்து, இந்த மனிதர் பதவியை விட்டுப் போக வேண்டும் என்றார். அவருக்கு வாக்களித்ததற்கு வருந்துவதாகவும் சொன்னார். இரண்டு ஆண்டுக்கு முன் துணைத் தலைவராக அழைக்கப்பட்டவர் இப்படிப் பேசியது பெரிய செய்தியானது.

இப்படிப் பிணக்கு வந்தால் கட்சியை விட்டுப் போய்விடலாமே? அவ்வளவு எளிதில்லை. குவியலில் விழுந்த வாக்கு கட்சியுடையது என்று பார்த்தோம் அல்லவா? அந்தத் தர்க்கத்தின்படியே, இந்த முறையில் வென்ற இடம் கட்சிக்குச் சொந்தம் என்று 2007இல் பிரேசிலின் நீதிமன்றங்கள் தீர்ப்பளித்தன. தகுந்த காரணமின்றிக் கட்சி மாறினால் பதவி போகலாம். தேர்தல் ஆண்டில் மட்டும் 30 நாள் ‘கட்சி மாறும் ஜன்னல்’ ஒன்று திறக்கும். அப்போது மாறினால் தண்டனை இல்லை. 2022 தொடக்கத்தில் பி.எஸ்.எல். இன்னொரு கட்சியோடு இணைந்து மறைந்தே போனது. அந்த ஆண்டு ஜனாயினா பி.ஆர்.டி.பி. என்ற சிறிய கட்சிக்குப் போய் செனட்டுக்கு நின்றார்.

செனட் தேர்தலில் குவியல் கணக்கு இல்லை. மாநிலம் முழுவதும் அதிக வாக்கு வாங்கியவர் ஜெயிப்பார், அவ்வளவே. அந்த ஆண்டு சாவோ பாவுலோவுக்கு ஒரே ஒரு இடம்தான். போல்சொனாரோ ஆதரித்த விண்வெளி வீரர் மார்கோஸ் பொந்தெஸ் ஒரு கோடிக்கு மேல் வாங்கி ஜெயித்தார். ஜனாயினாவுக்குச் சுமார் 4.5 லட்சம். 2018இல் அவருக்கு விழுந்த வாக்கில் கால்பங்குகூட இல்லை. பேரவை உறுப்பினராக நான்காண்டுகள் உழைத்த பிறகு வந்த எண் அது. 2018இல் வந்த கூட்டத்தில் எத்தனை பேர் அவருக்காக வந்தார்கள், எத்தனை பேர் அந்த ஆண்டின் அலைக்காக வந்தார்கள் என்பது இங்கே கொஞ்சம் தெரிகிறது.

திரும்பிப் போன வகுப்பறை

பிரேசிலில் அரசு ஊழியர் மக்கள் பிரதிநிதியானால் என்ன ஆகும் என்பதை 38ஆம் பிரிவு சொல்கிறது. தேசிய அல்லது மாநில அவைக்குத் தேர்வானால் அரசுப் பணியிலிருந்து விடுப்பில் விலகி நிற்க வேண்டும். பணி பறிபோகாது, பதவிக்காலம் முடிந்ததும் திரும்பலாம். மாநிலப் பல்கலைக்கழகப் பேராசிரியைக்கும் இதுதான் விதி. வழக்கறிஞர் தொழிலுக்கு இன்னொரு வரம்பு: அவை உறுப்பினராக இருக்கும் வழக்கறிஞர், அரசும் அரசு நிறுவனங்களும் சம்பந்தப்பட்ட வழக்குகளில் எந்தப் பக்கமும் வாதாடக் கூடாது.

2023இல் பதவிக்காலம் முடிய, ஜனாயினா லார்கோ சாவோ பிரான்சிஸ்கோவுக்குத் திரும்பும் நேரம் வந்தது. அங்குள்ள மாணவர் மன்றத்தின் பெயர் ‘ஆகஸ்ட் 11’, கல்லூரி பிறந்த நாள். அந்த மன்றம் அவர் திரும்பி வருவதை எதிர்த்து அறிக்கை விட்டது. மாணவர்களின் கோபம் 2016இலிருந்து வருவது. ஆனால் அரசியல் கருத்துக்காக ஒரு பேராசிரியரை வகுப்பறைக்குள் வரவேண்டாம் என்று சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. சட்டம் அவருக்குக் கொடுத்த இடம் அது. அவரும் வகுப்புக்குத் திரும்பினார்.

2024 அக்டோபரில் அவர் மறுபடி தேர்தலில் நின்றார், இம்முறை பி.பி. கட்சியில், சாவோ பாவுலோ நகர மன்றத்துக்கு. 55 இடம் கொண்ட அந்த மன்றத்துக்கும் அதே குவியல் கணக்குதான். 48,893 வாக்குகள் வாங்கித் தேர்வானார். அதே 38ஆம் பிரிவு நகர மன்ற உறுப்பினருக்கு மட்டும் ஒரு விலக்கு வைத்திருக்கிறது: மன்றக் கூட்டமும் பணி நேரமும் மோதாமல் இருந்தால், அரசுப் பணியையும் பதவியையும் சேர்த்தே வகிக்கலாம், இரண்டு சம்பளமும் வாங்கலாம். மாநில உறுப்பினருக்கு மூடிக் கிடந்த வகுப்பறைக் கதவு, நகர மன்ற உறுப்பினருக்கு நேரம் ஒத்துவந்தால் திறந்திருக்கிறது.